கொழுந்துக் கறை

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர்தான். இறம்பொடை அருவியின் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருந்தது எங்கள் தோட்டத்து ஸ்டோர். கொழுந்து வாடப்போடும் மாடிக்கு ஏறும் மரப்படியின் பக்கத்தில், பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று. தேத்தண்ணி ருசி பார்க்கும் அறை. அப்பாவுக்கு ரோலரில் வேலை. பகல் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்த ஜன்னலைத் தாண்டி என்னால் நடக்க முடியாது. 1977, 78 இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது.

நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மூடி போட்ட ஒரு குவளை. குவளையில் தூளைப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, ஐந்தாறு நிமிஷம் விட்டு, அதைக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைப்பார்கள். சாயம் கிண்ணத்தில் இறங்கிவிடும். சக்கையை மூடியின்மேல் கொட்டிப் பக்கத்தில் வைப்பார்கள். டீமேக்கர் ஐயா கரண்டியால் அள்ளிச் சத்தமாக உறிஞ்சிவிட்டுத் துப்புவார். ஆனால் நாக்குக்கு முன்னால் அவர் கண் வேலை செய்துவிடும். சாயம் செம்பு நிறமா, மங்கலா, விளிம்பில் பொன் வளையம் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அதற்குத்தான் அந்த வெள்ளை.

அப்படி ஒரு வெள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில் வெள்ளை என்று இருந்தவை சுண்ணாம்பும் பாலும்தான். இரண்டிலும் ஒரு மஞ்சள் ஒளிந்திருக்கும். நாங்கள் தேத்தண்ணி குடித்தது விளிம்பு கறுத்த எனாமல் கோப்பையில். அம்மா பறித்த கொழுந்து எப்படிப்பட்ட நிறம் தரும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. ருசி பார்க்கும் அறையின் கிண்ணத்துக்குத்தான் தெரியும்.

ஒருநாள் டீமேக்கர் ஐயா ஒரு கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாள் முழுக்கக் கொதிதண்ணீர் பட்டு ஆறி, பட்டு ஆறி, அதன் மெருகில் முடியிழை போல வெடிப்புகள் ஓடியிருந்தன. சாயம் அதில் ஏறிப் பழுப்பாகத் தெரிந்தது. "இது இனி ஆகாது, நீ எடுத்துக்கிட்டுப் போ" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பா அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

அம்மா அதில் குடிக்கவில்லை. மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். விசேஷத்துக்கு யாராவது வந்தால் மட்டும் இறங்கும். ஒரு ராத்திரி, விளக்கடியில், கிண்ணத்தைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். மலையில் கொழுந்து எடுப்பவர்களின் உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் ஒரு கறுப்பு ஏறியிருக்கும். தேசிக்காய்த் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் ரேகைகளுக்குள் இருப்பது போகாது. கிண்ணத்திலும் கையிலும் ஒரே மாதிரிக் கோடுகள். "அம்மா, இதுக்கும் ஒங்க கை மாதிரி இருக்கு" என்றேன். அம்மா கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

1980இல் அத்தை குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் உத்தரவு வந்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதிக்கொண்டார்கள். அந்த எண்ணுக்குள் எங்கள் அத்தையும் மாமாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று பேர். கம்பளை ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும் முன்னால் அம்மா ஒரு பழைய சீலைப் பொட்டலத்தை அத்தை மடியில் வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வெறும் வட்டம். தூசி படியாத ஒரு வட்டம்.

1989இல் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பீங்கானுக்கு வேண்டியவை மூன்று. கயோலின் என்ற வெள்ளைக் களிமண், பெல்ட்ஸ்பார் என்ற கல், படிகக்கல்லாகிய குவார்ட்ஸ். பொதுவான கணக்கு, பாதி கயோலின், கால் பெல்ட்ஸ்பார், கால் குவார்ட்ஸ். மூன்றும் இலங்கையிலேயே கிடைக்கின்றன. கயோலின் பொரலஸ்கமுவையில், பெல்ட்ஸ்பார் மாத்தளைப் பக்கம் ஓவலையில். ஜப்பானின் நொரிடாக்கே நிறுவனம் 1972இல் மாத்தளைக்கு வந்ததும், தங்கொட்டுவையில் இன்னொரு பெரிய ஆலை எழுந்ததும் இந்த மண்ணையும் கல்லையும் நம்பித்தான். கடல் கடந்து வந்த ஜனங்களின் பிள்ளை நான். இந்தத் தீவின் மண் எதற்கு ஆகும் என்பதை ஒரு ஆலைக்குள்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கொடுத்தது பூ ஒட்டும் வேலை. அச்சடித்த பூப்படத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்திலிருந்து நழுவி வரும். அதைத் தட்டில் பொருத்தி, ரப்பர் தகட்டால் காற்றுக் குமிழ் இல்லாமல் வழிக்க வேண்டும். பிறகு 800 பாகை அளவில் ஒரு சூடு. பூ மெருகோடு ஒட்டிக்கொள்ளும். எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் ரோஜா ஒட்டியிருப்பேன்! துரை பங்களாத் தோட்டத்தில் தவிர வேறெங்கும் அந்த ரோஜாவை நான் பார்த்ததில்லை. எந்தத் தட்டிலும் ஒரு கொழுந்து இல்லை, ஒரு வாதுமடக்கி மரம் இல்லை. வாங்குகிற நாட்டுக்காரர்கள் கேட்ட பூவை அவர்களுக்கு ஒட்டி அனுப்பினோம், அவ்வளவுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அலங்காரம் என்பது வேறொருவர் வீட்டிலிருந்து வந்து மேலே ஒட்டிக்கொள்வது என்று ஒரு எண்ணம் எனக்குள் உறைந்துபோனது. அதைக் கரைக்கப் பிறகு நிறைய நாள் ஆனது.

அங்கே வார்ப்புப் பகுதியில் வயதான ஒரு சிங்கள அக்கா இருந்தார். பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று முதலில் எனக்குச் சொன்னவர் அவர். ஈரமாக இருக்கும்போது ஒரு தட்டின் விளிம்பு கை பட்டு வளைந்தால், உடனே நிமிர்த்திவிடலாம். காய்ந்து, பார்வைக்கு நேராகவே இருக்கும். 1300 பாகையில் சுட்டெடுத்தால் அந்த வளைவு திரும்ப வந்து நிற்கும். கயோலின் துகள்கள் மெல்லிய தகடுகள் மாதிரியானவை, கை எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் சாய்ந்து படுத்துவிடுகின்றன, சூளையில் மண் இளகிச் சுருங்கும்போது அந்தச் சாய்வின்படியே இழுபடுகின்றன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா அதையெல்லாம் சொல்லவில்லை. வளைந்த தட்டைக் காட்டி, "இங்க பாரு நங்கி, யாரோ கை வச்சது" என்பார்.

சில நாட்களில் கழிவை உடைக்கும் வேலைக்கும் அனுப்புவார்கள். தேறாத பாத்திரம் வெளியே போய் விலையாகக் கூடாது; சுத்தியலால் உடைக்க வேண்டும். வளைந்தது, புள்ளி விழுந்தது, மெருகு வெடித்தது என்று மூன்று குவியல். மெருகு வெடிப்பது ஏன் என்றால், சூளை ஆறும்போது மண்ணைவிட மெருகு அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. இடம் போதாமல் இழுபட்டுக் கீறிக்கொள்கிறது. சின்னப் பிள்ளைக்குத் தைத்த சட்டையை வளர்ந்த பிள்ளைக்குப் போட்டால் கிழிவது மாதிரி. வெடித்த குவியலில் ஒரு கிண்ணம். அதன் மேலெல்லாம் வலை. சுத்தியலை ஓங்கிய கை நின்றுவிட்டது. கண்காணிப்பவர் பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்தேன். அன்று இரவு விடுதியில் தூக்கம் இல்லை.

தூசு நெஞ்சில் கட்டத் தொடங்கியதும் 1997இல் வேலையை விட்டேன். குவார்ட்ஸ் தூசு நுரையீரலைப் பாழாக்கும் என்பதை எங்களுக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. இன்று என் பட்டறையில் காய்ந்த மண்ணை யாரும் கூட்டுமாறு கொண்டு கூட்டக்கூடாது, ஈரத்துணிதான்.

சேர்த்த காசில் அத்தையைப் பார்க்கக் கோத்தகிரிக்குப் போனேன். நம்மவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு உண்டாக்கிய டான்டீ தோட்டத்து லயம். கடலைத் தாண்டி வந்தும் முதுகில் அதே கூடை. அத்தை எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். எங்கள் கிண்ணத்தில்!

வெள்ளை பழுத்துத் தந்த நிறமாகியிருந்தது. வலை முழுக்கக் கறுத்து, பெரிய கண்ணிகளுக்குள் சின்னக் கண்ணிகளாக மேலும் பின்னியிருந்தது. "சாமிகிட்ட சும்மா வச்சா என்னா ஆகும் தாயி, ஒங்கம்மா குடுத்ததுன்னு நான் தெனம் இதிலதான் குடிக்கிறேன்" என்றார். பதினேழு வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. எந்த வரைகாரரும் வரையாத சித்திரம் அது. ஆலையில் நான் சுத்தியலால் உடைத்தவை எல்லாம் நினைவுக்கு வந்தன.

அங்கிருந்துதான் பாண்டிச்சேரிக்குப் போனேன். கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பற்றி ஒரு பத்திரிகைத் துண்டு என் பெட்டியில் பல வருஷமாகக் கிடந்தது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிய இடம். டெபோரா ஜப்பானில் பிசென் ஊரில் பயின்றவர். மாஷிகோவின் பெரிய குயவர் ஹமாடா ஷோஜியைப் பற்றி சூசன் பீட்டர்சன் எழுதிய புத்தகத்துக்குத் துணை நின்றவர். ரே மீக்கர் கட்டடக்கலையிலிருந்து மண்ணுக்கு வந்தவர். பச்சை மண்கல்லால் ஒரு முழு வீட்டைக் கட்டி, அதற்குள் பானை செங்கல் எல்லாம் அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்துச் சுட்டெடுத்தவர். அவர்களிடம் வேலை பழகிய உள்ளூர்க்காரர்களும், இந்தியா முழுவதிலுமிருந்து வந்து படித்தவர்களும் தனித்தனியாகப் பட்டறை போட்டதில், அந்தச் சுற்றுவட்டாரமே கைவினைப் பீங்கானுக்குப் பேர்போன ஊராகிவிட்டது. அப்படி ஒரு சின்னப் பட்டறையில் ஏழு மாதம் எடுபிடியாக இருந்தேன். மண் மிதித்தேன், சவுக்குக் கட்டை அடுக்கினேன், சாயங்காலம் சக்கரத்தில் உட்கார விட்டார்கள்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். எங்கள் ஸ்டோர்களில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. ரோதை என்றால் சக்கரம். இயந்திரச் சக்கரத்தில் கை கால் போகாமல் காக்கும் முனி. அப்பா அந்தச் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தாமல் ரோலரைத் தொட்டதில்லை. பாண்டிச்சேரிச் சக்கரத்தை நானும் தொட்டுக் கும்பிட்டுவிட்டே தொடங்கினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அங்கே செய்தது கல்மண் பாத்திரங்கள். தடிப்பானவை, மண்ணின் நிறம் உள்ளவை. டெபோரா ஸ்மித்தின் கோப்பைகளில் தூரிகையால் இழுத்த புல்லையும் இலையையும் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். மெருகிடும் முன் காய்ந்த மேற்பரப்பு மையைக் குடித்துவிடும். இழுத்த கோட்டை அழிக்க வழி கிடையாது. ஒட்டிய ரோஜாவுக்கும் இழுத்த புல்லுக்கும் உள்ள தூரம் அந்தக் கோப்பைகளில் எனக்குப் பிடிபட்டது.

அந்தப் பட்டறை அலுமாரியில் லூசி ரீயைப் பற்றி ஒரு புத்தகம். வியன்னாவில் 1902இல் பிறந்த யூதப் பெண். 1938இல் நாசிகளுக்குத் தப்பி லண்டனுக்குப் போனவர். யுத்த காலத்தில் உடுப்புக்குப் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தவர். ஏவ்பெரி என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வெண்கலக் காலத்துப் பானைகளையும், அவற்றில் கோடு கீறப் பயன்பட்ட பறவை எலும்புகளையும் பார்த்தபின், மெல்லிய பீங்கான் கிண்ணங்களில் கறுப்பு மெருகைக் கீறி வெள்ளைக் கோடுகளை வெளிக்கொண்டு வந்தார். மண்ணுக்குள் இருப்பதை வெளியே வரவிடுவதுதான் அவருடைய அலங்காரம். நாடு விட்டு நாடு போன ஒரு பெண் பொத்தான் செய்த காலத்தைத் தாண்டி அந்தக் கிண்ணங்களுக்கு வந்து சேர்ந்தார் என்பது அப்போது எனக்குச் சோறு தண்ணீர் மாதிரி இருந்தது.

1998இல் இறம்பொடைக்குத் திரும்பினேன். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெரிய ரோட்டில், அருவிக்குக் கீழே ஒரு வளைவில், ஒரு அறை வாடகைக்கு. சின்ன மின்சூளை ஒன்று கடனில். பொரலஸ்கமுவைக் கயோலின், ஓவலைக் கல். கல்மண்ணில் பழகிய கைக்குப் பீங்கான் மண் தயிர் மாதிரி. கொஞ்சம் அதிகம் தண்ணீர் பட்டால் சரிந்துவிடும், கொஞ்சம் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். முதல் வருஷம் இருபது கிண்ணம் உள்ளே போனால் மூன்று முழுசாக வந்தது. அக்கா சொன்ன ஞாபகம் ஒவ்வொரு விளிம்பிலும் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் அதோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டு, என் விரல் எங்கே அழுத்துகிறதோ அதை மறைக்காமல் விட்டேன். விளிம்பு மெல்ல அலைந்து நின்றது. அது எனக்குப் பிடித்தது.

பிறகுதான் வெடிப்புக்கு வந்தேன். மெருகில் பெல்ட்ஸ்பாரைக் கூட்டி, குவார்ட்ஸைக் குறைத்தால் மெருகின் சுருக்கம் கூடும், வெடிக்கும். ஆலையில் எதைத் தவிர்க்கப் படித்தேனோ அதைத் திருப்பிப் போட்டால் போதும். சீனாவில் இதை மிகப் பழங்காலத்திலேயே கலையாக்கிவிட்டார்கள். கெ என்ற வகைப் பாத்திரங்களில் முதலில் விழும் பெரிய வெடிப்புகளைக் கறுப்பாக்கி, பிறகு விழும் சின்ன வெடிப்புகளை மஞ்சளாக விட்டு, பொன்னிழை இரும்புக்கம்பி என்று பேரும் வைத்தார்கள். எனக்கு மை எங்கே கிடைக்கும் என்று யோசிக்கவே இல்லை. டஸ்ட் தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்க வைத்துச் சூளையிலிருந்து எடுத்த கிண்ணத்தை ராத்திரி முழுக்க அதில் போட்டேன். பழுப்பு ஏறியது. ஆனால் அம்மாவின் கைக் கறுப்பு வரவில்லை. ஒருநாள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த கவ்வாத்துக் கத்தியை அந்தச் சாயத்துக்குள் போட்டு வைத்தேன். இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுதும் மையும் இதே இரும்பும் துவர்ப்பும்தான். மறுநாள் காலையில் கிண்ணத்தைக் கழுவினால் அந்தக் கறுப்பு. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து என் வழக்கம் இது: வெளிப்பக்கம் வெடித்த மெருகு, கொழுந்துக் கறை. உள்பக்கம் வெடிக்காத தெளிந்த மெருகு, ருசி பார்க்கும் அறையின் வெள்ளை. குடிப்பவருக்குச் சாயம் தெரிய வேண்டும். பிடிக்கும் கைக்குக் கோடு தெரிய வேண்டும். இப்படிச் செய்வது எளிதல்ல. வெளிமெருகு இழுக்கிறது, உள்மெருகு இழுப்பதில்லை. நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் தாங்க வேண்டும். நல்ல கிண்ணங்கள் தட்டில் இருந்தபடியே, யாரும் தொடாமல், நடுராத்திரியில் இரண்டாகப் பிளந்திருக்கின்றன. சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெயிலில் தூக்கிப் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். அதை விட மாட்டேன்.

நிறையப் பேர் பீங்கான் நமக்கு அந்நியப் பொருள், குயவன் மண்தான் நம்முடையது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கொழும்பு அருங்காட்சியகத்தில் காலியில் கிடைத்த ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது, 1409இல் வெட்டியது. அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். அதன் முன்னால் நின்றபோது நான் நினைத்தது பீங்கான் என்ற சொல்லைத்தான். பொருள் சீனத்தது, சொல் பாரசீகத்திலிருந்து வந்தது, சொல்லும் வாய் தமிழ். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டியில் 1977இல் தோண்டியபோது, சொங் காலத்துச் சீனப் பாத்திர உடைசல்கள் கிடைத்தன. தொள்ளாயிரம் வருஷமாக நம் கரையில் கிடந்ததை இனியும் அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

கொழும்பில் 1988இல் பிறந்து குழந்தையாக சிட்னிக்குப் போன ரமேஷ் மாரியோ நித்தியேந்திரனின் களிமண் உருவங்களின் படத்தை என் அண்ணன் மகள் அனுப்பினாள். 2016இல் கன்பராவின் தேசிய ஓவியக்கூடத்தில் காட்சிக்கு வைத்தவை. பல கை, பல முகம், வழியும் மஞ்சளும் நீலமும். என் வழிக்கு நேர் எதிர். ஆனால் நம் கோயில் சாமிகளைக் கையில் எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் பிசைந்த அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். எனக்கு நிறம் வேண்டியதில்லை. வெள்ளையும் கறையும் போதும்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்கள். சூளைக்கு விடாமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். நேர அட்டவணையைப் பார்த்து ராத்திரியில் மூட்டினேன். 1100 பாகையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் இருண்டது. அரைகுறையாக வெந்த கிண்ணங்கள், மண் இறுகவில்லை. சாயத்தில் போட்டபோது கறை கோடுகளில் மட்டும் நிற்காமல் மண் முழுக்க ஊறி, லயத்துச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது கிண்ணம். ரோட்டில் சுற்றுலா வண்டி ஒன்றும் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. அவற்றை உடைக்கவில்லை. உடைத்தது போதும் என்று இருந்தது. இப்போதும் கொல்லைப்புறத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன், மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அதன்பிறகு மின்சாரம் சீரான ஒரு மாதத்தில் நல்ல சூடு ஒன்று இறங்கியது. 1280 பாகை, சூளையில் சூடு காட்ட வைக்கும் கூம்பு அழகாக வளைந்திருந்தது. இருபத்தாறு கிண்ணம். அம்மா அப்போது என்னோடுதான் இருந்தார். வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் உள்ளங்கையில் கறுப்பு அப்படியே. கண் மங்கிவிட்டது, காது கூர்மை. கிண்ணங்களை அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஆறவைத்திருந்தேன். வெடிக்கும் மெருகு சூளையை விட்டு வெளியே வந்தபிறகும் நாள் கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோடு விழும்போதும் மெல்லிய ஒரு சத்தம். டிக், டிக் என்று, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. வெளியே பனிமூட்டம் இறங்கி ரோடு அடங்கியிருந்தது.

அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இருட்டில் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"யாரு புள்ள இந்நேரத்தில கொழுந்து ஒடிக்கிறது?"